மலையைக் காட்டிப் போட்ட ஓட்டு

ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கு எல்லா வீட்டிலும் ஒரு சொம்பு தண்ணீராவது கிடைக்கும். உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா என்று பார்க்க வருகிறவனுக்கு முதலில் நாய்தான் வெளியே வரும்.

நீங்களும் எப்போதாவது கிளிப் அட்டையைப் பிடித்துக்கொண்டு தெரியாத வீட்டு வாசலில் நின்று, ஜன்னல் சந்தில் ஒரு கண் மட்டும் உங்களை எடை போட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் மேலே படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நம்ப மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் நான் திருவண்ணாமலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். சென்னையில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தது. கூடவே ஒரு நீலத் துணிப்பை, ஒரு பேட்ஜ். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். பேர் விட்டுப்போனவர்களுக்கு மனு எழுதித் தர வேண்டும். ஓட்டுப் போடப் போகிறவர்களை யாராவது மிரட்டினாலோ ஏமாற்றினாலோ கூட நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேலை, சம்பளம் கிடையாது. மக்கள் உங்களை ஆவலோடு வரவேற்பார்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். அந்த மனுஷன் ஜென்மத்தில் ஒரு சந்துக்குள் நுழைந்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

குழு என்று பெரிதாகப் பெயர். கடைசிவரை நின்றது நானும் ரஹீம் பாயும்தான். பாய் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். டோக்கன் இல்லாமல் பெற்ற பிள்ளையின் சைக்கிளைக்கூட வெளியே விடாதவர். எனக்கோ சுருக்கென்று கோபம் வரும். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும், சொல்லுங்கள்.

எந்தக் கட்சி?

முதல் நாள், முதல் வீடு. ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் கம்பிக் கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசினார். எந்தக் கட்சி என்றார். எந்தக் கட்சியும் இல்லை என்றேன். ஜாதிச் சங்கமா என்றார். இல்லை. அப்போ சீட்டுக் கம்பெனியா என்றார். ஊருக்கு ஊர் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிக்கொண்டிருந்த காலம், அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அதுவும் இல்லைங்க, சும்மா உதவி செய்ய வந்திருக்கிறோம் என்றேன். அந்த 'சும்மா'வைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகமே மாறிவிட்டது.

ரஹீம் பாய் நடுவில் வந்து பதமாகப் பேசிப் பார்த்தார். உங்கள் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம், காசு வேண்டாம், கையெழுத்து வேண்டாம், ஓட்டும் எங்களுக்கு வேண்டாம் என்றார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. பெரியவர் கேட்டில் தொங்கிய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியிடம் சொன்னார்:

"காசும் வேணாமாம், ஓட்டும் வேணாமாம். பீரோவப் பூட்டிட்டு வா."

மல்லாட்டைக் கூடை

மலை ஏறத் தொடங்குகிற அடிவாரத்தில் ஒரு சந்து உண்டு. ஓலையும் ஷீட்டும் போட்ட வீடுகள். அந்தச் சந்துப் பெண்கள் பாதிப் பேர் கிரிவலப் பாதையில்தான் வியாபாரம் செய்வார்கள். அதில் ஒருத்தி பச்சையம்மா அக்கா. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதை உப்புப் போட்டு அவித்துக் கூடையில் வைத்து விற்பாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வந்து போவார்.

நாங்கள் போனபோது கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். உங்கள் பேர் என்னக்கா என்று கேட்டேன். எதுக்கு என்றாள். பட்டியலில் இருக்கிறதா பார்க்க என்றேன். அது இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன என்றாள். எனக்கு வழக்கம்போல மூக்குக்கு மேலே வந்துவிட்டது. ரஹீம் பாய் கண்ணைக் காட்டி, மல்லாட்டை வாங்குகிற சாக்கில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. போன எலெக்‌ஷனுக்கு முன்னால் ஒருத்தன் நோட்டோடு வந்து, சந்து முழுக்கப் பேர் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறான். ஓட்டன்றைக்கு இவள் வியாபாரத்தை முடித்துவிட்டு மத்தியானம் போனால், உன் ஓட்டைப் போட்டாச்சு, கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். விரலில் மை இல்லையே என்று கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. வேறு ஆள் போட்டுவிட்டுப் போயிருந்தாலும், நான்தான் நிஜமான ஆள் என்று சொல்லித் தனிச் சீட்டு வாங்கி ஓட்டுப் போட வழி இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டு என் நீலப் பையைப் பார்த்தாள்.

"அவனும் உன்ன மாரியே நல்லாத்தான் பேசினான். பைகூட இதே கலருதான்."

ரெண்டு அருணாசலம்

எங்கள் ஊர்த் தெருவில் நின்று 'அருணாசலம்' என்று கூப்பிட்டால் டீக்கடையிலிருந்து ஒருவர், மாடியிலிருந்து ஒருவர், போகிற பஸ்ஸிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள். அண்ணாமலை என்று கூப்பிட்டாலும் அதே கதைதான். சாமி பேர், மலை பேர், ஊர் பேர் எல்லாம் ஒன்று. அதையே பிள்ளைக்கும் வைத்துவிடுவோம். பட்டியல் தயாரிக்கிறவன் என்ன பாடு படுவான் பாருங்கள்.

ஒரு தெருவில் சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை இரண்டு பேருக்கும் தாத்தா பேர், அருணாசலம். அப்பாக்கள் பெரிய அண்ணாமலை, சின்ன அண்ணாமலை. பட்டியலில் பெரியதும் சின்னதும் காணாமல் போய், ஒரே பேர், ஒரே அப்பா பேர், ஒரே தெரு என்று ஆகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒருவர் பேரை அடித்துவிட்டார். அடிபட்டது யார் என்பதுதான் கேள்வி. நடுச்சுவர்த் தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவர் காசு கொடுத்து அடிக்கச் சொன்னதாக அவரும், அவர் ஆள் வைத்து அடித்ததாக இவரும் சத்தியம் பண்ணினார்கள். இரண்டு பேருக்கும் ஓட்டு உண்டு, இரண்டு பேர் பேரும் வரும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். பெரிய அண்ணாமலை மகன் கடைசியில் ஒருவழியாக இறங்கி வந்தார்:

"சரி, ரெண்டு பேரையும் போட்டுக்கோங்க. ஆனா அவன் பேரு எனக்கு மேல வந்துச்சுன்னா நான் ஓட்டே போட மாட்டேன்."

பூஜை ரூம்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போனால் சந்தேகம் வேறு ரகம். அங்கே வீட்டுக்காரர்கள் மாடி மேல் மாடி எடுத்து வெளியூர்க்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் ரூம் விட்டிருந்தார்கள். ஆள் கணக்குக் கேட்டால் வீட்டு வரி ஏற்றத்தான் வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு வீட்டில் வாசல் முழுக்கச் செருப்பு. வீட்டுக்காரரோ, நானும் என் சம்சாரமும் மட்டும்தான் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார். பின்கட்டில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு சமையல்காரக் குடும்பம் இருந்தது. அவர்கள் எட்டிப் பார்த்ததும் உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஓட்டு வயசு. அப்புறம் தெருக்கோடி வரை ஓடி வந்து பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள், பாவம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப் புடவை கட்டின வெள்ளைக்கார அம்மா ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டு, ரொம்ப வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், எனக்கும் ஓட்டுக் கிடைக்குமா என்று தமிழிலேயே கேட்டார். இந்தியக் குடிமகளாக இருந்தால்தான் என்று நான் விளக்கினேன். வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. என்னை ஓரமாகக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார்:

"மாடில இருக்கறது வாடகை ரூம் இல்லீங்க, பூஜை ரூமு. அந்தம்மா சாமி கும்புட வந்தாங்க, இன்னும் முடிக்கல."

எதிர்ல நிக்குது பாரு

ஒரு நாள் சாயங்காலம் பச்சையம்மா அக்கா தானாகவே இன்ஸ்டிடியூட் வாசலில் வந்து நின்றாள். கூடையைக் கீழே இறக்கவில்லை. சந்து இருக்கிற இடத்தில் லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சாம். எலெக்‌ஷனில் நிற்கிற ஒருவரின் மச்சான்தான் கட்டப்போகிறவராம். பட்டியலில் பேர் இல்லாதவர்கள் எல்லாம் வெளியூர் ஆள், அவர்களைக் காலி பண்ணுவது சுலபம் என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னானாம். பேர் இருந்தால் மட்டும் வீடு நிலைக்கும் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் பேரே இல்லாதவர்கள் வீட்டுக் கதவை ஓட்டுக் கேட்கக்கூட யாரும் தட்ட மாட்டார்கள், அது மட்டும் நிச்சயம். அதைத்தான் சொன்னேன். எழுது, ஆனா நான் பாத்துக்கினே இருப்பேன் என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் என் பேனா முனையை விட்டு அவள் கண் நகரவில்லை.

பட்டியலைப் புரட்டினேன், போன தடவை இருந்த அவள் பேர் புதுப் பட்டியலில் இல்லை. மனுவில் பேர், வயசு, கதவு எண் எல்லாம் ஆயிற்று. கணவர் பேர் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இன்னமும் பல பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். சொல்லாமல் எப்படிக்கா எழுதுவேன் என்று கேட்டேன். தலையை ஜன்னல் பக்கம் திருப்பி மோவாயால் காட்டினாள். ஜன்னலில் மலை. சரி, மலை பேர். அதிலும் பேர் ஒன்றா இரண்டா? அருணாசலமா என்றேன். இல்லை. சோணாசலமா? இல்லை. அருணகிரியா? இல்லை. உள்ளே இருந்த டைப் மிஷின் சத்தம் எல்லாம் நின்றுபோய்விட்டது, டைப் படிக்க வந்த பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள். அண்ணாமலையா என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். எழுதிக்கொண்டேன்.

அப்படியென்றால் ஊர் பேரையும் சொல்ல மாட்டீர்களா, பஸ்ஸில் டிக்கெட் எப்படி வாங்குவீர்கள் என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

"மலைக்கு ஒண்ணு குடுன்னு கேப்பேன். கண்டக்டருக்குத் தெரியறது உனக்குத் தெரியலியே, நீ இன்னா டீச்சரு?"

பௌர்ணமி போட்டோ

பச்சையம்மாவைப் பார்த்துச் சந்தில் மற்றவர்களும் மனு கொடுத்தார்கள், எல்லார் பேரும் வந்துவிட்டது. அடுத்தது போட்டோ அடையாள அட்டை. அது அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்தது. சந்துக்காரர்களுக்குப் போட்டோ எடுக்க ஒரு நாள் குறித்தார்கள். எந்த நாள் என்று நினைக்கிறீர்கள்? பௌர்ணமி. ஊரே கிரிவலம் சுற்ற வருகிற நாள். சந்துப் பெண்கள் மாதம் முழுக்கச் சம்பாதிப்பதை அன்று ஒரே நாளில் சம்பாதிப்பார்கள். காமிராக்காரர் பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்திலிருந்து வந்தது கூடை தூக்க முடியாத ஒரு தாத்தாவும் காய்ச்சலில் கடை போடாத ஒருத்தரும்தான்.

ஆபீஸில் போய்ச் சண்டை போட்டேன். தற்செயலாக அமைந்ததுதான், காலண்டரைப் பார்க்கவில்லை என்றார்கள். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு பௌர்ணமி தெரியாமல் போயிற்றாம், கேட்டுக்கொள்ளுங்கள். வேறு நாள் தருகிறோம் என்றார்கள், அந்த எலெக்‌ஷன் வரை தரவில்லை. அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டாவது எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா என்று பச்சையம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தேவிட்டாள்.

"அது ஊட்ட உட்டு வெளிய போனா திரும்பி வராது. நீ கேட்டாலும் தர மாட்டேன், கவருமெண்டு கேட்டாலும் தர மாட்டேன்."

வெள்ளைச் சட்டை

எலெக்‌ஷன் நெருங்கும்போது இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். நல்ல மரியாதை. நீங்கள் செய்கிற சேவையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன் மேடம் என்றார். இத்தனை மாதத்தில் எங்களைப் பார்த்து நெகிழ்ந்த முதல் ஆள். எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்தது, பொய் சொல்வானேன். வேன் தருகிறேன், மைக் தருகிறேன், சாப்பாடு என் பொறுப்பு என்றார். பதிலுக்கு ஒன்றுமே வேண்டாமாம். அடிவாரத்துச் சந்தில் யார் யாருக்கு இன்னும் அட்டை வரவில்லை என்று மட்டும் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதுமாம், உதவி செய்யத்தான்.

ரஹீம் பாய் மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து, நீங்க யாரு, எங்கிருந்து வர்றீங்க, எந்த வேட்பாளருக்கு வேண்டியவர் என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒரு சமூக ஆர்வலர் என்றார் வெள்ளைச் சட்டை. நாங்களும் அதையேதான் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது எனக்குச் சுருக்கென்று உறைத்தது. கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம். அவர் படி இறங்கிப் போனதும் பாய் சொன்னார்:

"ஓட்டை சைக்கிள விடறவனே என்கிட்ட டோக்கன் வாங்கறான். இவரு வேனே விடறேன்றாரு, டோக்கன் காட்ட மாட்டேன்றாரு. ஜாஸ்தி மரியாதையும் ஆகாது மேடம்."

ஒத்திகை

எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அட்டை இல்லை, ரேஷன் கார்டை எடுத்து வர மாட்டார்கள், அப்படியென்றால் சாவடியில் ஆள் அடையாளம் எப்படிக் கேட்பார்கள்? வாயால்தான். வயசு என்ன, கதவு எண் என்ன, புருஷன் பேர் என்ன. போச்சுடா. உடனே சந்துக்கு ஓடினேன். ஒரு மேஜை போட்டு, பாயை அதிகாரியாக உட்கார வைத்து, பெண்களை வரிசையில் நிற்க வைத்து ஒத்திகை நடத்தினேன்.

பாய் ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பேர் கேட்டார். ஒருத்தி நெளிந்தாள். ஒருத்தி மகனைக் கூப்பிட்டு, டேய், உங்கப்பா பேரைச் சொல்லு என்றாள். ஒருத்தி முருகனுக்கு அண்ணன் என்று விடுகதை போட்டாள். இங்கே பாருங்கள், அதிகாரி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஒரே ஒரு தடவை, அப்புறம் கோயிலில் விளக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கத்தினேன். சந்து முனையில் ஒரு மோட்டார் பைக் நின்றது. வெள்ளைச் சட்டை. வண்டியை விட்டு இறங்காமல் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான், இந்தப் பழக்கம் தெரியாதவர் இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. பச்சையம்மா அக்காவின் கையைப் பிடித்து, நீங்களாவது சொல்லிவிடுங்கள், போன தடவை மாதிரி இந்தத் தடவையும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"ஓட்டு திருப்பித் திருப்பி வரும் டீச்சரு. அவருக்கு எதுனா ஆச்சுன்னா நீயா குடுப்ப?"

ஆட்சேபணை

சந்துக்காரர்களுக்கும் எனக்கும் ஓட்டு அதே பள்ளிக்கூடத்தில்தான். ஓட்டன்று பெண்கள் வரிசையில் பச்சையம்மா அக்காவுக்கு நேர் பின்னால் நின்றேன். உள்ளே நுழைந்ததும் பார்த்தால், வேட்பாளர் ஏஜெண்டுகள் உட்காருகிற பெஞ்சில் வெள்ளைச் சட்டை. மச்சான் லாட்ஜ் கட்டப்போகிறார் என்றார்களே, அந்த வேட்பாளரின் ஏஜெண்டு. சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

பச்சையம்மாள் என்று பேர் படித்ததும் அவர் கையைத் தூக்கினார். இந்தம்மா அந்த ஆள் இல்லை, ஆட்சேபிக்கிறேன் என்றார். ஏஜெண்டு இப்படி ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், தலைமை அதிகாரி அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். தயாராக இரண்டு ரூபாயை மேஜையில் வைத்தார். அதிகாரி ஆரணிப் பக்கத்து வாத்தியார், சாதுவான மனுஷன். வயசு கேட்டார், சொன்னாள். கதவு எண் கேட்டார், சொன்னாள். புருஷன் பேரைக் கேளுங்க சார், அவங்களே வாயால சொல்லட்டும், யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது என்று வெள்ளைச் சட்டை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதிகாரி கேட்டார். அவள் பேசவில்லை. எனக்குப் புரியுதும்மா, ஆனா நீங்க சொன்னாத்தான் நான் சீட்டுத் தர முடியும் என்றார். சந்துப் பெண்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். இவளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்து ஒவ்வொருத்தியாக அதே கேள்வி, அதே வாசல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பச்சையம்மா வெள்ளைச் சட்டையைப் பார்த்து, தம்பி, நீ இந்த ஊருதானே என்றாள். ஆமாம் என்றார். அவ்வளவுதான் அவள் கேட்டது. திரும்பிக் கதவு வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்தாள். தீபத்தன்று உச்சியில் ஜோதி தெரிந்ததும் செய்வோமே, அந்த மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். வாய் திறக்கவில்லை. வெளியே ஆண்கள் வரிசையில் கடைசியில் நின்ற யாரோ ஒருவர், இவள் கையைப் பார்த்தாரோ மலையைத்தான் பார்த்தாரோ, பழக்க தோஷத்தில் அண்ணாமலையாருக்கு என்று குரல் எடுத்தார். இரண்டு வரிசையும் அரோகரா என்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கை தானாகத் தூக்கும், வாய் தானாகத் திறக்கும், தூக்கத்தில் இருந்தாலும் சரி. என் கையும் மேலே போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டையும் எழுந்து, கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாமலையாருக்கு அரோகரா என்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பச்சையம்மா அதிகாரி பக்கம் திரும்பினாள்:

"நான் சொல்லல சாமி. அவரே சொல்லிட்டாரு, எழுதிக்கோ."

பெட்டி

சாவடிக்குள் கோஷம் போட்டுப் பிரசாரம் பண்ணுகிறார்கள் என்று வெள்ளைச் சட்டை கத்திப் பார்த்தார். கூடவே சேர்ந்து போட்டது நீங்கதானே என்றார் வாத்தியார். மலையைக் காட்டியதும் ஒரு விடைதான், ஆள் அவள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை என்று எழுதி, இரண்டு ரூபாயை அரசாங்கக் கணக்கில் போட்டு, பச்சையம்மாவுக்கு வாக்குச் சீட்டைக் கொடுத்தார். பின்னால் வந்த சந்துப் பெண்கள் ஒருத்தியையும் அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை ஆட்சேபிக்கவில்லை.

வெளியே எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரஹீம் பாய் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். பச்சையம்மா அக்கா வந்து மை வைத்த விரலை முதலில் தானே ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள், அப்புறம்தான் எங்களுக்குக் காட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள், எங்களை நம்புகிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்கு என்றாள். சாயங்காலம் ஓட்டுப் பெட்டியை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இடத்தில் பூட்டி வைத்து, அப்புறம் எண்ணுவார்கள் என்றேன். பாயிடம் விட்டுவிட்டுப் போயிருந்த கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்த லாரி பின்னால யாரு போறது? நீ போறியா, நான் போவட்டா?"

லாட்ஜ் வரவில்லை, சந்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஓர் ஆள் ஜாஸ்தி, அந்த ஆள் மட்டும் இன்றுவரை எங்களை நம்பவில்லை.